கிரீசுக்கு அடியில்

கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க. இன்னும் கொஞ்சம். இது உரக்கச் சொல்கிற கதை இல்லை. ஒரு மனுசன் தனக்குள்ளேயே முணுமுணுத்துக்கொண்டிருந்த கதை, அதை நாமும் முணுமுணுப்பாகத்தான் கேட்கணும். தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில் தொம்மை என்று ஒரு மெக்கானிக். ஒரு நாள் காலை முழுக்க அவன் ஒரு சின்ன ஸ்க்ரூவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். நடந்தது அவ்வளவுதான்.

அந்த ஸ்க்ரூ சுண்டுவிரல் நகம் அளவுகூட இருக்காது. மோட்டார் சைக்கிளின் வலது கைப்பிடியை ஒட்டி, முன் பிரேக்குக்கு எண்ணெய் ஊற்றி வைக்கிற சின்ன டப்பா ஒன்று இருக்கிறதல்லவா, அதன் மூடியைப் பிடித்திருக்க இரண்டு ஸ்க்ரூ. ஒன்று சொன்ன பேச்சைக் கேட்டு வந்துவிட்டது. மற்றதன் தலையில் கிரீஸ் அப்பியிருந்தது. கடற்கரை ஊரில் அது வழக்கம்தான். உப்புக்காற்று இரும்பைத் தின்னும் என்று, வெளியே தெரிகிற ஸ்க்ரூ தலையில் எல்லாம் ஒரு விரல் கிரீஸ் தடவித்தான் வண்டியை அனுப்புவார்கள், அதைப் பார்த்து யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். தொம்மை பழைய பனியன் துணியால் அதைத் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான். அடியில் என்ன இருக்கிறதென்று அவனுக்குத் தெரியும், தெரிந்ததைப் பார்க்க இத்தனை நேரமா ஆகும் என்று அவனுக்கே எரிச்சலாக வந்தது. கடைசியில் தெரிந்தது. நட்சத்திரம் போல நாலு வெட்டு இருக்கவேண்டிய இடத்தில் நட்சத்திரம் இல்லை, வழித்தெடுத்த வட்டக் குழி. "எவனோ தலையை வழிச்சு வச்சிருக்கான்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் மனசு ஓடிவந்து வாயைப் பிடித்தது. பின்னால் ஆயில் டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்த அவன் தங்கச்சி செசிலி, "எவன்ணே? உன் கையைத் தவிர இந்த வண்டியை யாரு தொட்டா?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை, குழம்புக்கு உப்பு போதுமா என்று கேட்கிற மாதிரி கேட்டாள். அவன் குனிந்தபடியே, "கம்பெனியிலேயே இளக்கமான இரும்பாத்தான் போடுறான் இப்ப" என்றான். தன் கை. ஆமாம், தன் கைதான்.

மண்ணெண்ணெயை ஒரு சொட்டு விட்டான். ஊறட்டும். ஊறுகிற வரைக்கும் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, ஊறுகிற நேரம் நல்ல நேரம். பிளாஸ்டிக் நாற்காலியில் காலை நீட்டியபடி செசிலியின் புருசன் இஞ்ஞாசி உட்கார்ந்திருந்தான், ஊன்றி நடக்கிற கம்புக்கட்டையைச் சுவரில் சாத்தி வைத்துவிட்டு. நாற்காலி கிடந்தது கடைக்குள்ளே, டயர் அடுக்கியிருந்த இருட்டு மூலையில். ரோட்டில் போகிறவர்கள் கண்ணில் படாத இடமாகப் பார்த்து உட்காருகிற பழக்கம் அவனுக்கு இப்போது வந்திருந்தது. மீன் ஏலம் விடுகிறவன் அவன். ஒரு காலத்தில் அவன் கூடையைத் தூக்கிக் குரல் கொடுத்தால் படகில் தூங்குகிறவன் எழுந்துவிடுவான். இப்போது பூசை நடக்கும்போது பேசுகிற மாதிரி பேசுகிறான். "அது வராது போல மச்சான். என்னைய மாதிரிதான், தலை போயிட்டு" என்று சொல்லித் தானே சிரித்துக்கொண்டான். "நீரு சும்மா இரும் மாப்ள" என்றான் தொம்மை. இதே வண்டியில் போய்த் தலையில் அடிபட்டவன்தான், அன்று காலை நடந்தது அவனுக்கு ஞாபகமே இல்லை. வீட்டில் காப்பி குடித்தது ஞாபகம் இருக்கிறது, ஆஸ்பத்திரியில் விளக்கைப் பார்த்தது ஞாபகம் இருக்கிறது, நடுவில் ஒன்றுமில்லை. நடுவில் நின்றுகொண்டிருந்த உப்பு லாரியும் ஞாபகமில்லை, அதன் பின்னால் போய் மோதியதும் ஞாபகமில்லை. ஞாபகம் இல்லாதவனிடம் ஊர் எதைச் சொன்னாலும் அவன் ஏற்றுக்கொள்ளத்தானே வேண்டும். குடித்துவிட்டுப் போய் இடித்தாய் என்றார்கள். அப்படித்தான் இருக்கும் என்றான்.

சட்டையில் வாடை அடித்தது உண்மைதான். லாரி கிளீனர் கையில் கிடைத்த பிராந்தியைக் காலில் காயத்தின் மேல் ஊற்றும்போது சட்டையிலும் சிந்தினான் என்று பிற்பாடு யாரோ சொன்னார்கள், ஆனால் அந்தப் பேச்சு நடந்துபோனது, முந்தின பேச்சு ஓடியே போய்விட்டது. அந்தோனியாருக்கு நேர்ந்து குடியை விட்டவன் இஞ்ஞாசி. அவர்கள் தெருவில் ஒரு பழக்கம் உண்டு. நேர்ந்தவன் மணிக்கட்டில் பொண்டாட்டி வீட்டில் மூத்தவன் ஒரு காவிக் கயிறு கட்டுவான். நேர்ச்சையை முறித்தால் கட்டினவனே நாலு பேர் பார்க்க வெட்டவேண்டும். செசிலிக்கு அப்பா இல்லை, அண்ணன்தான் மூத்தவன். கட்டினது தொம்மை. ஆஸ்பத்திரி வாசலில், வார்டுக்குள்ளே அல்ல, வாசலில் ஸ்ட்ரெச்சரை நிறுத்தி, பங்குக் கோயில் ஆட்கள், ஏலக்காரர்கள், மீன்காரிகள் எல்லாரும் சுற்றி நிற்க வெட்டினதும் தொம்மை. கேபிள் வெட்டுகிற கட்டர் அவன் டிரவுசர் பையிலேயே இருந்தது, கடையிலிருந்து அப்படியே ஓடி வந்திருந்தான். கயிறு வெட்டுப்படும்போது சத்தமே இல்லை. அது அவனுக்கு இன்றுவரை ஆச்சரியம். ஒரு சத்தமாவது வந்திருக்கலாம், கிளட்ச் கேபிள் அறுந்தால்கூட 'டக்' என்கிறதே. அதற்கு முன்னால்தான், ஸ்ட்ரெச்சர் பக்கத்தில் வைத்து செசிலி கேட்டாள்: "அண்ணே, பிரேக்கு சரியாத்தானே இருந்துச்சு?" அவன் சொன்னான்: "நான்தானே பார்த்தேன்." பொய்யே இல்லை. அவன்தானே பார்த்தான். பார்த்தான். பார்த்துவிட்டு மூடினான்.

ஊறிவிட்டது. சைக்கிள் டியூபில் ஒரு துண்டு கத்தரித்து, வழித்த குழியின் மேல் வைத்து, அதன் மேல் ஸ்டார் திருப்புளியை அழுத்தித் திருகினான். ரப்பர் பிடிக்கும் என்று ஒரு நம்பிக்கை. ரப்பர் பொடியாக உதிர்ந்தது. திருப்புளி வழுக்கி மூடியில் ஒரு கோடு கிழித்தது. அந்த வழுக்கல் உள்ளங்கை வழியாகத் தோளுக்கு ஏறி, தோளிலிருந்து பல்லுக்குப் போய்க் கூசியது. இதே கூச்சம், இதே பல். சப்பரம் புறப்படுவதற்கு முந்தின நாள் அது. திருவிழாவுக்கு முன்னால் ஊரில் உள்ள வண்டியெல்லாம் கடை வாசலில் நிற்கும், கழுவித் துடைத்து மாலை போட்டு ஓட்டணும் ஒவ்வொருத்தனுக்கும். இஞ்ஞாசி வந்து, "பிரேக்கு கைப்பிடி வரைக்கும் உள்ள போவுது மச்சான், பிடிக்கவே மாட்டேங்குது" என்றான், அப்போது ஏலக்குரலில். சரியான திருப்புளி மூன்று வண்டி தள்ளிக் கிடந்தது. எழுந்து போய் எடுக்கவேண்டும். முனை தேய்ந்தது ஒன்று கைக்கு எட்டியது. எட்டினதை எடுத்தான். முதல் ஸ்க்ரூ வந்தது. இரண்டாவது ஒரே திருகில் 'கர்' என்றது, அவ்வளவுதான், நட்சத்திரம் போனது. எழுந்து போயிருக்கலாம். முட்டி வலித்தது. முட்டி வலித்ததா, இல்லை சோம்பலா? வெயில். டீ வந்து ஆறிக்கொண்டிருந்தது. அந்த டீயைக் குடித்தோமா குடிக்கவில்லையா? மூடி திறக்காமல் எண்ணெய் மாற்ற முடியாது. ஆனால் லிவரை நாலைந்து தடவை படபடவென்று அமுக்கினால் விறைத்துக்கொள்ளும், கொஞ்ச நேரத்துக்கு நல்ல பிரேக் மாதிரி கையில் நிற்கும். அமுக்கினான். விறைத்தது. முதல் ஸ்க்ரூவைத் திரும்பப் போட்டான். வழித்த தலையில் ஒரு விரல் கிரீஸ் தடவினான். திருவிழா முடியட்டும், வண்டியைத் திரும்ப வரச் சொல்லிச் சரி பண்ணிவிடலாம் என்று உண்மையிலேயே நினைத்தான். அந்த நினைப்பு உண்மை. அதை யாரும் நம்ப வேண்டாம், ஆனால் உண்மை. "எண்ணெய் மாத்தியாச்சு மாப்ள" என்றான். இஞ்ஞாசி லிவரை அமுக்கிப் பார்த்து, "கல்லு மாதிரி இருக்கு மச்சான்" என்று சொல்லிப் போனான். திருவிழா முடிந்தது. திரும்ப வரச் சொல்லவில்லை. மறந்து ஒன்றும் போகவில்லை. ஒவ்வொரு தடவை அந்த வண்டி கடையைத் தாண்டிப் போகும்போதும் கையிலிருக்கிற வேலையை நிறுத்திவிடுவான், வண்டி வளைவைத் தாண்டிப் போனதும் திரும்பத் தொடங்குவான். வண்டி கண்ணில் மறைந்ததையே சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டான்.

"வராதுன்னா விட்டுருவோம் செசிலி" என்றான் இப்போது. "இந்தச் செட்டையே கழட்டிக் கடாசிட்டு, புதுசு ஒண்ணு மாட்டிரலாம். என் கணக்குல. இதோட மல்லுக்கட்டி என்ன ஆகப்போவுது?" சொல்லும்போதே உள்ளே ஒரு சந்தோசம் ஓடியது, எலி போல. கழட்டி எடுத்துப் பின்னாலுள்ள பழைய இரும்புக் குவியலில் எறிந்தால் தீர்ந்தது. எண்ணெயின் நிறத்தை யாரும் பார்க்கப்போவதில்லை. டப்பாவின் பக்கவாட்டில் எண்ணெய் மட்டம் பார்க்க ஒரு கண்ணாடிப் பொட்டு இருக்கிறது, அதுவும் உப்பில் பழுத்துக் குருடாகிவிட்டது, அதுவரைக்கும் நல்லது. அவள் சேலை முந்தானையில் ஏதோ முடிந்து வைத்திருந்தாள், இஞ்ஞாசியின் மாத்திரையாக இருக்கும், அந்த முடிச்சை விரலால் உருட்டிக்கொண்டே, "புதுசு மாட்டுண்ணே. வேண்டாம்னு சொல்லல. அதுக்கு முன்னால இதைத் திறந்து பார்த்துட்டு மாட்டு" என்றாள். "திறந்து என்னத்தைப் பார்க்க?" "நீதானே பார்த்த. இன்னொரு தடவை பாரு." அவன் திரும்பிப் பார்த்தான். அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. சின்ன வயசிலும் இப்படித்தான் அவள். அண்ணன் கருப்பட்டி திருடினால் அம்மாவிடம் சொல்லமாட்டாள். பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவன் தின்று முடிக்கிற வரைக்கும் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவனே கொண்டுபோய் மிச்சத்தை டப்பாவில் போட்டுவிடுவான். போலீஸ் ஸ்டேஷன் வாசலில் வெயிலில் நின்ற வண்டி இது, பிறகு வீட்டில் தார்ப்பாய்க்குள் கிடந்தது. எத்தனை தடவை சொன்னான், பழைய இரும்புக்காரனிடம் போடு, பார்க்கப் பார்க்க மனசு கெடும் என்று. அவள் போடவில்லை. இஞ்ஞாசி கம்புக்கட்டையில் நடக்கத் துவங்கினதும் லோடு ஆட்டோவில் ஏற்றி நேரே இங்கே கொண்டுவந்து இறக்கினாள். ஊரில் வேறே மெக்கானிக் இல்லையா? ஏன் இங்கே? அண்ணன் என்பதாலா? அண்ணன் என்பதால்தான். அந்தச் சொல்லை எந்தப் பக்கம் திருப்பினாலும் குத்தியது.

சின்ன உளியை எடுத்தான். ஸ்க்ரூ தலையின் ஓரத்தில் சாய்த்து வைத்து, திரும்பவேண்டிய திசையில் சுத்தியலால் மெல்லத் தட்டினான். ஒரு தட்டு, இன்னொரு தட்டு. தலை பிய்ந்து சிம்பு எழும்பியதே தவிர அசையவில்லை. டிரில்லைப் போடலாம். போட்டுத் தலையை அரைத்தால் இரும்புத்தூள் உள்ளே விழும், அப்புறம் எண்ணெய் கறுத்துக் கிடந்தால் தூள் விழுந்து கறுத்தது என்று சொல்லிவிடலாம். எவ்வளவு சுலபமாக வருகிறது பார்! ஸ்க்ரூவுக்கு இல்லாத வழியெல்லாம் பொய்க்கு இருக்கிறது. கை டிரில் பக்கம் போய்விட்டு நின்றது. ஏன் நின்றதென்று அவனுக்கே தெரியவில்லை. வண்டியின் டேங்கில் 'அந்தோனியார் துணை' என்று எழுதியிருந்தது. அதில் 'துணை'யின் பக்கத்தில் ஒரு இடத்தில் பெயின்ட் சுருங்கி உரிந்திருந்தது. பிரேக் எண்ணெய் ஒரு சொட்டுப் பட்டால் போதும், பெயின்டைத் தின்றுவிடும். பட்டவுடனே தண்ணீர் விட்டுக் கழுவினால் பிழைத்தது, அப்புறம் பார்க்கலாம் என்று விட்டால் துடைத்துப் பிரயோசனம் இல்லை. உடனே என்றால் எவ்வளவு உடனே? ஸ்ட்ரெச்சர் பக்கத்தில் சொல்லியிருக்கலாம். சரி, அன்று சாயங்காலம் சொல்லியிருக்கலாம். உடைந்த காலுக்குள் இரும்பு பிளேட் வைத்த அன்று. செசிலி புருசனோடு பேசாமல் இருக்கிறாள் என்று ஊரில் சொன்ன அன்று. இஞ்ஞாசி ஏலத்துக்கு இனி வரவில்லை என்று சொல்லி அனுப்பிய அன்று. ஒவ்வொரு நாளும் முந்தின நாளைவிடச் சொல்வது கஷ்டமாகிக்கொண்டே வந்தது, துரு இறங்குகிற மாதிரி. ஒரு நாளில் ஒன்றும் தெரியாது, சேர்ந்து பிடித்துக்கொள்ளும். "என்ன மச்சான், கை நின்னுட்டு?" என்றான் இஞ்ஞாசி இருட்டிலிருந்து. "எனக்காகப் பார்க்காதீங்க. வண்டி இல்லாட்டி என்ன, நான் இனிமே எங்க போகப்போறேன்? குடிகாரன் கூவுனா எவன் ஏலம் கேப்பான்?" குரலில் வருத்தம்கூட இல்லை. அதுதான் தொம்மையால் தாங்க முடியவில்லை. தன் மேல் சொன்னதை நம்பிவிட்டான் இந்த மனுசன். நம்பி, அதற்குள் குடியேறி, சாமான் செட்டெல்லாம் எடுத்து வைத்துவிட்டான்.

டிரில்லை விட்டுவிட்டு இரும்பறுக்கிற ஆக்ஸா பிளேடை எடுத்தான். முனையில் துணி சுற்றி, இரண்டு விரலால் பிடித்து, பிய்ந்த தலையின் குறுக்கே அறுத்தான். நேராக ஒரு வெட்டு விழவேண்டும், பட்டைத் திருப்புளி உட்காருகிற ஆழத்துக்கு, மூடியில் படாமல். பரக், பரக். வழித்ததைச் சரிபண்ண வேறே வழி இல்லை, புதிதாக ஒரு காயம் பண்ணித்தான் ஆகவேண்டும். வியர்வை இமையில் வந்து நின்றது. துடைக்கவில்லை. இரும்புத்தூளை ஊதினான், வாயில் உப்பும் இரும்பும் கரித்தன. பட்டைத் திருப்புளியை அந்த வெட்டில் உட்காரவைத்து, தலையில் சுத்தியலால் ஒரே ஒரு தட்டுத் தட்டி, முழு உடம்பின் கனத்தையும் அதன் மேல் கொடுத்துத் திருகினான். ஒன்றும் இல்லை. இன்னும். ஒன்றும் இல்லை. வராமல் போ, சனியனே, வராமல் போ என்று மனசு சொன்னது, வந்துவிடு வந்துவிடு என்று கை சொன்னது, இரண்டும் ஒரே நேரத்தில், ஒரே மூச்சில். கிறீச் என்று ஒரு சின்னச் சத்தம். எலும்பு மூட்டு விடுகிற மாதிரி. அவன் மூட்டுதான் விட்டது என்று நினைத்தான். திருப்புளி கால்சுற்று திரும்பியிருந்தது. கயிறு வெட்டும்போது வராமல் போன சத்தம் இதுதான் என்று தோன்றியது, இத்தனை நாள் எங்கேயோ மாட்டிக்கொண்டு இருந்துவிட்டு இப்போது வந்திருக்கிறது. அதற்கு மேல் ஸ்க்ரூ விரலாலேயே சுற்றி வந்தது, இவ்வளவுக்குத்தானா என்று கேட்கிற மாதிரி.

மூடியைத் தூக்கவில்லை. மேலே உள்ளங்கையை வைத்துப் பொத்திக்கொண்டான். பனியன் துணியை உள்ளே முக்கி எடுத்துவிட்டால் ஆகிறது, ஒரு விநாடி வேலை. செசிலி எழுந்து வந்தாள். டீ குடித்த வெள்ளைக் காகிதக் கப்பை அலசி வைத்திருந்தாள். அதை வண்டி சீட்டின் மேல் வைத்தாள். அலமாரியிலிருந்து புது பிரேக் எண்ணெய்ப் பாட்டிலைத் தானே எடுத்து, சீலை உடைத்து, இன்னொரு வெள்ளைக் கப்பில் இரண்டு விரற்கடை ஊற்றி அதன் பக்கத்தில் வைத்தாள். இளந்தேன் நிறம். "இது நீ அன்னைக்கு ஊத்தினது மாதிரி இருக்கும்" என்றாள். "அதை எடுத்து இதுல விடுண்ணே." அவன் கையை எடுத்தான். மூடியைத் தூக்கினான். டப்பாவில் பாதிகூட இல்லை. பழைய ஊசிக்குழாயால் உறிஞ்சி வெறும் கப்பில் விட்டான். ஒரு சொட்டு டேங்கில் விழப்போனது, அவள் முந்தானையால் பிடித்துக்கொண்டாள். கப்பில் விழுந்தது கன்னங்கரேலென்று, அடியில் வண்டலோடு. இஞ்ஞாசி கம்புக்கட்டையை ஊன்றி எழுந்து வந்து இரண்டு கப்பையும் மாறி மாறிப் பார்த்தான். "கருப்பட்டிக் காப்பியில்லா இது" என்றான். ஏலத்தில் மீனைப் பார்த்தவுடன் பிடித்த நாள் சொல்கிறவன் அவன், எண்ணெயைப் பார்த்தும் சொல்லத் தெரியும். கறுத்த கப்பைத் தொட்டுக்கொண்டு, சின்னப் பிள்ளை கேட்கிற மாதிரி கேட்டான்: "அப்ப நான் குடிக்கலையா மச்சான்?"

தொம்மைக்குச் சொல்ல எத்தனையோ இருந்தது, சப்பரம், மூன்று வண்டி தள்ளிக் கிடந்த திருப்புளி, ஆறிப்போன டீ, முட்டி, திருவிழா முடிந்ததும் பண்ணிவிடலாம் என்று நினைத்த நினைப்பு. எல்லாம் வெட்கப்பட்டுத் திரும்பிப் போனது. "இல்ல மாப்ள" என்றான். "நீரு குடிக்கல. நான்தான் திறக்கல." அவ்வளவுதான் வந்தது. இஞ்ஞாசி அடிப்பான் என்று நினைத்தான், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இஞ்ஞாசி போய் நாற்காலியில் விழுந்தான். முகத்தை இரண்டு கையாலும் தேய்த்தான், தூங்கி எழுந்தவன் தேய்க்கிற மாதிரி. "ஏட்டி, உனக்கு எப்படித் தெரியும்?" என்றான் தொம்மை தங்கச்சியிடம். "வாடை சட்டையிலதான் இருந்துச்சு. வாயில இல்ல" என்றாள். "அப்பவே சொல்லியிருக்கலாம்லா?" "பொண்டாட்டி சொன்னா எவன் நம்புவான்? அதுவும் அண்ணன்காரன் வெட்டின பெறகு." முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். மாத்திரை இல்லை. காவிக் கயிறு. வெட்டுப்பட்ட இரண்டு முனையையும் சேர்த்து ஒரு முடிச்சுப் போட்டிருந்தாள், இன்று போட்டதல்ல, அழுக்கேறி இறுகிப்போன பழைய முடிச்சு. அதை அண்ணனின் எண்ணெய்க் கையில் வைத்தாள்.

தொம்மை அந்த இருட்டு மூலைக்கே போய், டயர்களுக்கு நடுவில் முட்டி போட்டு, இஞ்ஞாசியின் மணிக்கட்டைப் பிடித்தான். கயிற்றை மாட்டப் போனான், எண்ணெய்க் கையிலிருந்து அது நழுவியது. நல்லவேளை இங்கே யாரும் இல்லை என்று ஒரு மூலையில் மனசு நினைத்தது, அந்த நேரத்திலும் நினைத்தது. வெளியே துறைமுகத்திலிருந்து மதிய ஏலம் முடிந்து ஆட்கள் திரும்புகிற நேரம், சைக்கிள் மணியும் மீன்காரிகளின் பேச்சும் ரோட்டில் வந்துகொண்டிருந்தன. "இருண்ணே" என்றாள் செசிலி. வந்து புருசன் உட்கார்ந்திருந்த நாற்காலியின் முதுகை இரண்டு கையாலும் பிடித்தாள். அவன் கனத்தோடேயே, தரையில் நாலு காலும் கீச்சிட, அதை மூலையிலிருந்து இழுத்துக் கொண்டுவந்து, கடை வாசலில் வெயில் விழுகிற இடத்தில், ரோட்டைப் பார்க்கத் திருப்பிப் போட்டாள்.